எங்கள் தெருவில் எதுவும் திருடு போவதில்லை

நவம்பர் 8, சனி

அத்தான், இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னிக்கணும். எலி இப்போதுதான் கண் அசந்தாள். (எலீனா என்று ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையை எலி ஆக்கியது உங்கள் அம்மா. ஸ்வீடன்காரர்களிடம் இதை விளக்கும் பொறுப்பு உங்களுடையது.)

இப்படி எழுதச் சொன்னதே நீங்கள்தான். வீடியோ காலில் அத்தை நமக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "சாப்டியா? குளிருதா? மெலிஞ்சிட்டியே" என்று மூன்று கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். மிச்ச நேரத்தில் நான் "எல்லாம் நல்லா இருக்கு" என்கிறேன். அதனால்தான் நாம் இரண்டு பேரும் ஆன்லைனில் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பக்கம். நான் ராத்திரி எழுதுவேன். நீங்கள் வேலை முடிந்து வந்து வாசித்து, ஓரத்தில் ஏதாவது எழுதுவீர்கள். நேற்று முழுப் பக்கம் எழுதினேன், ஒரு கட்டை விரல் படம் போட்டிருந்தீர்கள். நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனிக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். குடும்பத்தோடு கோதன்பர்க்கில் இன்னும் இரண்டு வருஷமா, அல்லது நீங்கள் மூட்டை கட்டித் திரும்புவதா? "நீ என்ன சொல்றியோ அதுதான்" என்று பெருந்தன்மையாக என் தலையில் வைத்துவிட்டீர்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று செல்வின் மாமா குடும்ப குரூப்பில் ஒன்று போட்டார். "ஸ்வீடன்: ஐரோப்பாவின் குற்றத் தலைநகர்! பகிருங்கள்!" கூடவே எரிகிற கார் படம். காருக்குப் பின்னால் பனைமரம் மாதிரி ஏதோ தெரிகிறது. ஸ்வீடனில் பனைமரம் உண்டா?

நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள். படத்தைப் பார்த்தெல்லாம் முடிவெடுக்க மாட்டேன். எண்ணைப் பார்த்துத்தான் பயப்படுவேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பிரசங்கம் நீளமாக இருந்ததால் மனதுக்குள் நிறையக் கணக்குப் போட முடிந்தது.

உட்கார்ந்து கொள்ளுங்கள். ஸ்வீடனில் வருஷத்துக்கு லட்சம் பேருக்குப் பதினாலாயிரம் சொச்சம் குற்றப் புகார். இந்தியாவில் ஐந்நூறைக்கூடத் தொடவில்லை. கிட்டத்தட்ட முப்பது மடங்கு! அத்தான், நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா, போருக்குப் போகிறீர்களா?

அத்தையிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேம்லா. நம்ம ஊரு மாதிரி வருமா? கதவைத் தொறந்து போட்டுத் தூங்கலாம்" என்றார்கள். சொல்லிவிட்டு உள்தாழ்ப்பாள், பூட்டு, அதற்கு மேல் ஒரு சங்கிலி, அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு தையல் மிஷின் என்று எல்லாவற்றையும் வழக்கம்போல் போட்டுவிட்டுப் படுத்தார்கள்.

நவம்பர் 10, திங்கள்

நேற்று சொன்னதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். மூன்று நாளாக மழை, துணி காயவில்லை. எலியின் ஜட்டிகளை மின்விசிறிக்கடியில் கொடி கட்டிப் போட்டுவிட்டு அடிக்குறிப்புகளை வாசித்தேன். புள்ளிவிவரத்தில் உண்மை எப்போதும் அடிக்குறிப்பில்தான் ஒளிந்திருக்கும்.

உங்கள் ஊரில் ஒருத்தன் ஒருத்தியைப் பத்துத் தடவை அடித்தான் என்று அவள் போய்ச் சொன்னால் அது பத்துக் குற்றம். புகார் வந்த அன்றே எண்ணிவிடுகிறார்கள். பிறகு விசாரித்து அது குற்றமே இல்லை என்று தெரிந்தாலும் எண்ணினது எண்ணினதுதான். நம் ஊர்க் கணக்கில் ஒரே வழக்கில் பல குற்றம் இருந்தால் அதில் பெரியது மட்டும்தான் எண்ணிக்கை. வீடு புகுந்து, ஆளை அடித்து, பீரோவை உடைத்து, போகிற போக்கில் ஒரு கொலையும் செய்தால் கொலை ஒன்று. மற்றதெல்லாம் இலவச இணைப்பு.

அவர்கள் பிரியாணியில் பருக்கையை எண்ணுகிறார்கள். நாம் அண்டாவை எண்ணுகிறோம். எண்ணிவிட்டு, எங்கள் பந்தியில் யாரும் அதிகம் சாப்பிடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம்.

ஆனால் இது உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு என்று குதிக்க வேண்டாம். எண்ணுகிற முறைதான் வேறு என்று தெரிகிறது. ஆபத்து எங்கே கூடுதல் என்று இன்னும் தெரியவில்லை. நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 12, புதன்

நேற்று எழுத முடியவில்லை. ஒன்றுமில்லை. படியில் வழுக்கிவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு. எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை.

நவம்பர் 13, வியாழன்

எந்தப் படி என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுப் படிதான் அத்தான். மழையில் பாசி பிடித்திருக்கிறது.

வீடியோ காலில் பார்த்துவிட்டு, ஏன் துப்பட்டாவைக் கழுத்துவரை குத்தியிருக்கிறாய் என்று கேட்டீர்கள். குளிர். ஆமாம், பாளையங்கோட்டையில் குளிர். உங்களுக்கு மட்டும்தான் குளிரலாமா? கழுத்து வேறு அரிக்கிறது. எலியின் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அதிருக்கட்டும், நீங்கள் ஏன் மூச்சு வாங்கினீர்கள்? சைக்கிள் எங்கே என்றால் "சர்வீஸுக்கு விட்டிருக்கேன்" என்கிறீர்கள். போன வாரமும் சர்வீஸில்தான் இருந்தது. சைக்கிளா அது, ராக்கெட்டா?

எலி இன்று மூன்று தடவை அலறினாள். தெருவில் பைக் சத்தம் கேட்டால் என் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். பல் முளைக்கிறதாம், அத்தை சொல்கிறார்கள்.

பல் முளைத்தால் பிள்ளை கழுத்தையா பிடிக்கும்?

நவம்பர் 15, சனி

இன்று என் ஆராய்ச்சிக்கு நேரடி அனுபவம் கிடைத்தது. நம் தெருவில் ஒரு அக்காவின் தாலிச் செயினை பைக்கில் வந்தவன் பறித்துக்கொண்டு போய்விட்டான். பாவம். அவளுக்குத் துணையாக நானும் அத்தையும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற வேலை பார்ப்பவரை ரைட்டர் என்கிறார்கள். கதை எழுதுகிறவர் இல்லை. ஆனால் இன்று கதைதான் எழுதினார். ரொம்ப மரியாதையானவர், எலிக்கு பிஸ்கட் கொடுத்தார்.

"பறிச்சான்னு போட்டா எஃப்.ஐ.ஆர். போடணும். அப்புறம் கோர்ட்டு, அடையாள அணிவகுப்பு. கைப்புள்ளையோட அலைவியளா? தொலைஞ்சு போச்சுன்னு ஒரு மனு எழுதிக் குடுத்திருங்க. உடனே ரசீது தாரேன். கிடைச்சா கூப்பிடுதோம்."

"தொலையல சார். பின்னால வந்து..." என்று நான்... அக்கா சொன்னாள்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. இப்ப கழுத்துல இல்லல்லா?"

இந்தத் தர்க்கத்தை என் எம்.எஸ்ஸி. தாங்கவில்லை. அத்தையைப் பார்த்தேன். அத்தை வாசலைப் பார்த்தார்கள். வாசலில் செல்வின் மாமாவின் சம்பந்தி போய்க்கொண்டிருந்தார். "சீக்கிரம் எழுதிக் குடு, போவோம். ஊரே பாக்கு" என்று என் முதுகில் ஒரு குத்து.

எழுதிக் கொடுத்தேன். கொடுத்தாள்.

அந்த ரசீது மனு வாங்கினதற்குத்தான். வழக்கு கிடையாது. வழக்கு இல்லாததால் குற்றம் இல்லை. குற்றம் இல்லாததால் லட்சத்துக்கு ஐந்நூறில் அவள் சேர மாட்டாள். எங்கள் தெருவில் எதுவும் திருடு போவதில்லை அத்தான். எல்லாம் தானாகவே தொலைகிறது. உலகத்திலேயே மறதி அதிகமுள்ள பெண்கள் இங்கேதான் இருக்கிறோம்.

கொலையில் மட்டும்தான் இரண்டு நாட்டையும் ஓரளவு ஒப்பிடலாமாம். ஏனென்று இப்போது புரிகிறது. பிணத்தைப் பார்த்து "உயிர் எங்கேயோ தொலைஞ்சிட்டு" என்று மனு எழுதி வாங்க முடியாதே. அந்தக் கணக்கில் ஸ்வீடனைவிட நாம் முன்னே இருக்கிறோம். இதை செல்வின் மாமா குரூப்பில் போடவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

"எந்த அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாது. புதுசாகக் குடிவந்தவள்.

"அவங்களுக்கு அடிபட்டுச்சா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முழங்கையில் கொஞ்சம்.

நவம்பர் 19, புதன்

இன்று நம் வீட்டில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஜெபக்கூட்டம். இருபது பேருக்குச் சுண்டல் வேகவைத்தேன். இதைக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாக வாசியுங்கள், இன்று கட்டை விரலெல்லாம் செல்லாது.

பாட்டு முடிந்ததும் பொன்சிலி டீச்சர் வழக்கம்போல் ஜெபக்குறிப்பு கேட்டார்கள். யாருக்கு என்ன குறை இருக்கிறதோ சொன்னால் எல்லாரும் சேர்ந்து ஜெபிப்பது. மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, கால்வலி, பக்கத்து வீட்டுக்காரன் கழிவுத் தண்ணீர் என்று போய்க்கொண்டிருந்தது. மூலைவீட்டு எஸ்தரக்கா, "என் ஒரு வளையல் காணாமப் போச்சு, அது கிடைக்க" என்றாள். தையல்கார ஜெயசீலி, "எனக்கு மிக்கேல் கோயில் பண்டிகை சமயத்துல ஒரு செயின் தவறிட்டு" என்றாள். டீச்சரே, "எனக்கும் ஒரு மோதிரம்" என்றார்கள்.

என் முறை வந்தது. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவளுக்கு ஒரு குறையும் இல்ல. எம்மவன் சுகத்துக்கு மட்டும் ஜெபிங்க" என்றார்கள்.

பிறகு எல்லாரும் கண்ணை மூடி அவரவர் வாய்விட்டு ஜெபிக்கிற நேரம். உங்கள் அம்மாவின் ஜெபம் உங்களுக்குத் தெரியும். நடுத்தெரு தாண்டிக் கேட்கும். முதலில் உங்களுக்காக. பிறகு பனிக்காக. பிறகு குரல் ஏறியது.

"ஆண்டவரே, எம்மருமவ கழுத்துல கெடந்த தாலிச் செயின பறிச்சிட்டுப் போன அந்தக் கழிசடைய உமக்குத் தெரியும்! பச்சப் புள்ள இடுப்புல இருக்கும்போது ரோட்டுல இழுத்துத் தள்ளினானே, பார்த்துக்கிட்டுத்தான இருந்தீரு! எம்மவன்ட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்? அந்த வண்டி மண்டபத்து வளைவுல சறுக்கி விழணும், அவன் கை..."

மற்றவர்களின் ஜெபம் ஒவ்வொன்றாக நின்றது. அத்தைக்குத் தெரியவில்லை. அவன் கை, கால், பைக்கின் சங்கிலிச் சக்கரம் வரைக்கும் தேவனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஆமென் சொன்னார்கள். கண்ணைத் திறந்தால் இருபது பேரும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போலீஸிடம் தொலைந்தது. ஊரிடம் ஒரு குறையும் இல்லை. மகனிடம் சுகம். கடவுளிடம் மட்டும் உங்கள் அம்மா எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள்.

அப்புறம் எஸ்தரக்கா மெதுவாக, "எனக்கும் தொலையலக்கா. முறுக்கி எடுத்தான். மணிக்கட்டு இன்னும் வலிக்கு" என்றாள். ஜெயசீலி, "பஸ் ஸ்டாண்டுல. வீட்டுல சொன்னா தையலுக்குப் போக விடமாட்டாவன்னு சொல்லல" என்றாள். பொன்சிலி டீச்சர் சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, "மோதிரத்த எவனும் பறிக்கல. நெசமாவே நாந்தான் எங்கயோ வச்சுத் தொலச்சிட்டேன்" என்றார்கள். அழுதுகொண்டிருந்த எல்லாரும் சிரித்துவிட்டோம்.

உலகத்தில் குற்றத்தைச் சரியாக அளக்க நிபுணர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். போலீஸ் எண்ணை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் மக்களையே கேட்பது. அது இன்று நம் வீட்டு ஹாலில், பாய் விரித்து, சுண்டலோடு நடந்தது.

சரி அத்தான். அந்த அக்கா யாரென்று எப்போதோ உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பதினொன்றாம் தேதி சாயங்காலம், பால் வாங்கிக்கொண்டு வந்தேன். எலி இடுப்பில். வண்டி பின்னால் வந்தது, நான் ஒதுங்கி நின்றேன். வழி விடுகிறேன் என்றுதான் நினைத்தேன். கழுத்தில் கயிறு இறுகின மாதிரி இருந்தது. விழும்போது எலி அடியில் சிக்கக்கூடாது என்று மட்டும் தோன்றியது, திரும்பி விழுந்தேன். முழங்கை அப்படித்தான் போனது. செயின் அவனிடம் போய்விட்டது. தாலி அறுந்து என் உள்ளங்கையில் வந்து விழுந்தது, அது பத்திரமாக இருக்கிறது. பால் மட்டும் ரோடெல்லாம்.

வீடியோ காலில் என் கழுத்தில் நீங்கள் பார்த்தது கவரிங். அத்தை ரதவீதியில் வாங்கி வந்தார்கள். "புள்ள ஒத்தையில கெடக்கான். இதக் கேட்டா வேலைய விட்டுட்டு ஓடி வந்திருவான். சொல்லாதட்டி" என்றார்கள். அரிப்பு அதனால்தான். பவுடரின் மேல் பழி போட்டேன், பவுடர் மன்னிக்கணும்.

நவம்பர் 20, வியாழன்

நீங்கள் எட்டுத் தடவை கூப்பிட்டதற்கு நான் எடுக்காமல் இருந்தது கோபத்தில் இல்லை. எடுத்தால் அழுதுவிடுவேன், அத்தையும் அழுவார்கள், எலி பைக் வந்துவிட்டதென்று நினைப்பாள்.

ஓரத்தில் "நான் டிக்கெட் போடுறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். போடாதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள். ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

நவம்பர் 22, சனி

போனோம். நான், அத்தை, எஸ்தரக்கா, ஜெயசீலி. பொன்சிலி டீச்சர் மோதிர விஷயம் இல்லாவிட்டாலும் கூட வந்தார்கள். "எனக்குச் சத்தம் போடத் தெரியும்" என்றார்கள்.

ரைட்டர் எங்களைக் கும்பலாகப் பார்த்ததும் பிஸ்கட் டப்பாவைத் தேடினார்.

"ஏம்மா, தொலைஞ்சு போச்சுன்னு நீங்கதான எழுதிக் குடுத்திய?"

"நீரு சொன்னீரு, அவ எழுதினா" என்றார்கள் அத்தை. "இப்ப நான் சொல்லுதேன், நீரு எழுதும். பறிச்சான்."

"எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டா மேல கேப்பாங்கம்மா, உன் ஏரியாவுல திடீர்னு என்ன இவ்வளவு குற்றம்னு. ஏற்கெனவே இந்த மாசம் எண்ணிக்கை கூடிட்டு. ஒண்ணாம் தேதி வாங்களேன், அடுத்த மாசக் கணக்குல..."

"ஒண்ணாந்தேதி வரைக்கும் அவன் லீவு போட்டிருக்கானா?" என்றார்கள் டீச்சர்.

எங்கள் சத்தத்துக்கு உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டரம்மா வெளியே வந்தார்கள். என் முழங்கையைப் பார்த்தார்கள். எலியைப் பார்த்தார்கள். ரைட்டரைப் பார்த்தார்கள். "எழுதுங்க" என்று ஒரே வார்த்தை. மூன்று எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகவே தருகிறார்கள் என்பது அத்தைக்குப் பெரிய ஆச்சரியம். "வெறுங்கையோட வந்தோம், பேப்பரோட போறோம்" என்றார்கள்.

செயின் கிடைக்குமா என்றால், கிடைக்காது. எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லை.

ஆனால் ஒன்று பாருங்கள். போன வருஷத்தோடு ஒப்பிட்டால் இந்த வருஷம் எங்கள் ஏரியாவில் நகைப் பறிப்பு எக்கச்சக்கமாக உயர்ந்துவிட்டது. திருடன் அதே திருடன்தான், நாங்கள்தான் வாயைத் திறந்தோம். அடுத்த வருஷம் செல்வின் மாமா, "பாளையங்கோட்டை: தெற்கின் குற்றத் தலைநகர்! பகிருங்கள்!" என்று பனைமரத்தோடு படம் போடுவார். இந்த முறை பனைமரம் சரியாக இருக்கும். அந்த எண்ணில் ஒன்று நான் என்று பெருமையாகப் பகிர்வேன்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று கழுத்தில் அந்தக் கவரிங்கைப் போடவில்லை. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டியிருக்கிறேன். கோயிலில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உங்கள் கேள்விக்குப் பதில். பாதுகாப்பில் எந்த ஊர் மேல் என்று என் படிப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை அத்தான். அங்கே எண் பெரிதாக இருப்பது நிறையக் குற்றம் நடப்பதாலா, நிறையப் பேர் சொல்வதாலா என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கலாம். எலியைத் தூக்கிக்கொண்டு அங்கே நடந்தாலும் பின்னால் சத்தம் கேட்டால் திரும்பித்தான் பார்ப்பேன். அதெல்லாம் சீக்கிரம் போகாது.

ஆனால் நம் இரண்டு பேர் கணக்கு எனக்குத் தெரியும். எனக்கு நடந்ததை உங்களிடம் படி வழுக்கினதாகப் பதிவு செய்தேன். நீங்கள் கவலைப்படக்கூடாதாம். தள்ளியிருக்கிற வரைக்கும் நம் வீட்டுப் புள்ளிவிவரம் இப்படித்தான் இருக்கும், எல்லாம் நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு என்று. ஒரே வீட்டில் இருந்தால் முழங்கையை மறைக்க முடியாது. அதனால் வருகிறோம். கம்பெனியிடம் சொல்லுங்கள்.

அத்தையைக் கேட்டேன். "நான் எங்க அங்க வந்து, ஐஸ்ல சறுக்கி? எனக்கு இங்க ஸ்டேஷன்ல வேல இருக்கு" என்றார்கள். நிஜமாகவே நாளைக்கு வேறு தெருப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ரைட்டர் லீவு கேட்டிருப்பதாகக் கேள்வி. கோடையில் மூன்று மாதம் மட்டும் வந்து எலியைப் பார்த்துக்கொள்வார்களாம், தையல் மிஷினோடு.

கடைசியாக ஒன்று. மூன்று வாரமாக எந்தச் சைக்கிளும் சர்வீஸில் கிடக்காது. பனியில் நடந்து நடந்து மூச்சு வாங்குகிறீர்கள். கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள். அங்கே போலீஸில் புகார் கொடுத்திருப்பீர்கள், அந்தப் பதினாலாயிரத்தில் உங்களுடையதும் ஒன்று ஏறியிருக்கும். ஸ்வீடன் அரசாங்கத்துக்குத் தெரிந்தது உங்கள் பெண்டாட்டிக்குத் தெரியவில்லை.

சைக்கிள் திருடு போனதா? அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா? அடி ஏதும் பட்டதா?

கட்டை விரல் வேண்டாம். எழுத்தில் சீக்கிரம் பதில் போடுங்கள்.

சுகிர்தா